சவுக்குத் தோப்பும் நாவல் மரமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப் போன ஓரிரண்டு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன். நேரம் போவது தெரியாமல் சொன்ன ஹாஸ்டல் கதைகள் சிலவற்றை, சம்பந்தப்பட்டவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்த காரணத்தால், நீக்கியிருக்கிறேன்.)



நான் 2011-ல் வெளியே போன பேட்ச். இன்ஸ்ட்ருமென்டேஷன். "மரங்களைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்று செயலாளரிடம் சொன்னதும், "ஏம்ப்பா, நீ இன்ஜினீயர்தானே?" என்று கேட்டார். இன்ஜினீயர்தான். மரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் வந்தது இரண்டு நஷ்டங்களால். ஒன்று எங்கள் குடும்பத்துக்கு வந்த நஷ்டம். இன்னொன்று நான் பிறத்தியாருக்கு வைத்த நஷ்டம். வந்த வரிசையிலேயே சொல்லி விடுகிறேன்.

எங்கள் ஊர் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில். 2009-ல், நான் இங்கே இரண்டாம் வருஷம் படிக்கும்போது, அப்பா மூன்று ஏக்கரில் சவுக்கு போட்டார். எங்கள் பக்கத்தில் சவுக்கு என்றால் அது ஒரு பிக்சட் டெபாசிட் மாதிரி. கல்யாணம், காதுகுத்து, காலேஜ் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் சவுக்கு. மூன்று வருஷம், நாலு வருஷம் நின்றால் வியாபாரி வந்து தோப்பாகவே விலை பேசிவிடுவார். சாரத்துக்குக் கழி, காகித ஆலைக்குக் கட்டை, அடுப்புக்கு மிலாறு, எதுவும் வீணாகாது. என் கல்விக் கடன் அந்தத் தோப்பை நம்பித்தான் வாங்கப்பட்டது. 2012 பொங்கல் கழிந்ததும் வெட்டு என்று பேச்சு.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. இங்கே எங்கள் ஜில்லாக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்திரி போச்சு, பலா போச்சு, தென்னை போச்சு. எங்கள் தோப்பைப் பார்க்க மறுநாள் போனபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அன்றைக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஒரே உயரத்தில் முறிந்திருந்தது. ஸ்கேல் வைத்து உடைத்த மாதிரி. பக்கத்துத் தோப்பு விதை நாற்றில் வந்தது. அதிலும் பெரும்பகுதி சாய்ந்துதான் கிடந்தது, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாக. சிலது வேரோடு, சிலது பாதியில், ஆங்காங்கே சிலது நின்று கொண்டும் இருந்தன.

அப்பா நட்டது ஜுங்குனியானா குச்சி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

சவுக்கு நம் ஊர் மரம் இல்லை. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளின் கடற்கரை மரம். 1868 வாக்கில் கார்வார் பக்கம் நட்டார்கள், அப்புறம் சோழமண்டலக் கரைக்கு வந்தது. நீராவி ரயிலுக்கு விறகு வேண்டியிருந்த காலம் அது. நாம் ஊசி இலை என்று நினைப்பது உண்மையில் இலையே இல்லை, பச்சைக் குச்சி. கணுக் கணுவாக இழுத்தால் கழன்று வரும், சின்ன வயசில் எல்லாரும் இழுத்து விளையாடியிருப்பீர்கள். அந்தக் கணுவைச் சுற்றிப் பல் மாதிரி நீட்டிக் கொண்டிருப்பதுதான் நிஜமான இலை. சாதாரணச் சவுக்கில் ஆறிலிருந்து எட்டுப் பல் இருக்கும். ஜுங்குனியானாவில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. லென்ஸ் இருந்தால் எண்ணிப் பார்த்து இனம் சொல்லி விடலாம். நான் பஸ் ஸ்டாண்டில் எண்ணிக் கொண்டு நின்று பஸ்ஸைத் தவற விட்டிருக்கிறேன்.

ஜுங்குனியானா என்பது இந்தோனேசியாவின் மலைச் சவுக்கு. ஆனால் 1951-ல் தாய்லாந்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது அதன் ஒரு கலப்பு வகை, அதுவும் ஒரே ஒரு மரத்தின் வழி. ஆண் மரம். விதை வைக்காது. ஆகவே அதைப் பெருக்க ஒரே வழி, கிளைக் குச்சியை ஒடித்து வேர் பிடிக்க வைப்பது. குச்சியிலிருந்து குச்சி, அந்தக் குச்சியிலிருந்து இன்னொரு குச்சி. கோடிக்கணக்கில் பெருகினாலும் மரபுப்படி அது ஒரே மரம்தான். எங்கள் மூன்று ஏக்கரில் 12,000 மரம் நின்றதாக நாங்கள் நினைத்தோம். நின்றது ஒரே ஆள், 12,000 இடத்தில்.

"அப்போ குளோன் போட்டதால்தான் முறிஞ்சுதா?" என்று கேட்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக் கொண்டு திரிந்தேன். அப்படிச் சொல்ல எனக்கு அருகதை கிடையாது என்று பிறகுதான் புரிந்தது. ஒரு தோப்பு, ஒரு புயல். மண் வேறு, இடைவெளி வேறு, எங்கள் தோப்புக்குக் கிழக்கே மறைப்பு ஏதும் இல்லை. ஒரே ஒரு ரீடிங்கை வைத்துக் கிராஃப் போடுகிற கதை அது. நம் லேபில் அப்படிப் போட்டிருந்தால் ரெக்கார்டு நோட்டு ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும். முறிந்ததற்குக் காரணம் குளோனா என்று அந்தத் தோப்பைக் கேட்க முடியாது. ஒரே மாதிரி முறிந்ததற்குக் காரணம் எல்லாம் ஒரே மரம் என்பதுதான். இந்த இரண்டும் ஒன்றல்ல.

முறிந்த சவுக்கை என்ன விலைக்கு விற்றோம் என்பதை விட்டு விடுகிறேன். ஜில்லா பூராவும் ஒரே நாளில் விழுந்த மரத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்? கடனை நான் சம்பளத்தில் ஆறு வருஷம் கட்டினேன்.

இரண்டாவது நஷ்டத்துக்கு வருகிறேன். 2016-ல் நான் இருந்த கம்பெனி பசுமைக்குடில்களுக்குக் கண்ட்ரோலர் செய்து கொடுத்தது. மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு பெரிய தனியார் நாற்றங்கால், தைல மரக் குளோன் உற்பத்தி. பனிப்புகை அறைக்கு நான்தான் கண்ட்ரோலர் போட்டேன். வேர் இல்லாத குச்சி தண்ணீர் குடிக்க முடியாது, ஆனால் இலை வழியாக நீரை இழந்து கொண்டே இருக்கும். அதனால் வேர் வருகிற மூன்று நாலு வாரமும் அதைச் சுற்றிக் காற்றை ஈரமாக வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தத்துவம். இதில் என்ன கஷ்டம்? ஈரப்பதம் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பம்பு ஓடட்டும், மேலே போனால் நிற்கட்டும். நான் எழுதின புரோகிராம் முப்பது வரி கூட இல்லை.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பத்து நாளில் சென்சார் மேல் சுண்ணாம்பு படிந்தது. உண்மையில் 98 இருக்கும்போது அது 80 என்று சொல்ல ஆரம்பித்தது. பம்பு ராத்திரி முழுக்க ஓடியது. நான் கோயம்புத்தூரில் லாட்ஜில் தூங்கிக் கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் குச்சியெல்லாம் அடியில் கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வருகிறது. சுமார் 8,000 குச்சி. வைத்தது ஒரு டிகிரிக்காரன், அழுக வைத்ததும் அவனே.

அங்கே குச்சி வெட்டுகிற அக்கா ஒருத்தர் இருபது வருஷமாக அந்த வேலைதான் செய்கிறார். என்னைப் பார்த்து, "மிசினுல நம்பரு பாத்தீங்களே தம்பி, இலையப் பாத்தீங்களா?" என்றார். இலை மேல் தண்ணீர் மெல்லிய படலமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது, காயவும் கூடாது, படலம் உடைகிற நேரம் அடுத்த தெளிப்பு. அவருடைய கணக்கு அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அவர்தான் சரியான அளவை அளந்தார், நான் தப்பான அளவை அளந்தேன். 80 சதவீத ஈரப்பதம் என்பது 25 டிகிரியில் ஒன்று, 35 டிகிரியில் வேறு. நிறைவு ஆவியழுத்தம் 25 டிகிரியில் 3.2 கிலோ பாஸ்கல், 35 டிகிரியில் 5.6. ஆக, அதே 80 சதவீதத்தில் காற்று இலையிடமிருந்து உறிஞ்சுகிற இழுவிசை 0.6-லிருந்து 1.1-க்கு, ஏறக்குறைய இரட்டிப்பாகி விடுகிறது. தெர்மோடைனமிக்ஸில் இதைப் படித்து நான் 71 மார்க் வாங்கியவன். அந்த மார்க்கை இங்கே சபையில் திருப்பிக் கொடுத்து விடுகிறேன், சார்.

அப்புறம் என்ன செய்தேன் என்றால், பழைய புத்தகங்களில் ஒரு கருவி இருந்தது. ஒரு கம்பி வலைத் துண்டு, தராசுத் தண்டு மாதிரி ஒரு பக்கம் எடை, ஒரு ஸ்விட்ச். தெளிக்கும்போது வலை மேல் தண்ணீர் சேர்ந்து கனத்து இறங்கும், பம்பு நிற்கும். தண்ணீர் ஆவியாகி வலை லேசாகி ஏறினால் பம்பு ஓடும். வெயில், காற்று, சூடு எல்லாவற்றையும் அதுவே கூட்டிக் கழித்துக் கொள்கிறது. டீ வடிகட்டி வலையில் ஒன்று செய்து வைத்தேன். வாரம் ஒரு முறை வினிகரில் கழுவினால் போதும். என் கண்ட்ரோலர் அதற்குப் பக்கத்தில் அலங்காரமாக விளக்கு எரிந்து கொண்டிருந்தது.

இந்த இரண்டு நஷ்டத்துக்கும் பிறகுதான் நான் மரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். கோயம்புத்தூரில் 1988-ல் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில்தான் 1902-லிருந்து இருக்கிற கேஸ் வன அருங்காட்சியகமும். மாணவர்கள் கோவைப் பக்கம் போனால் அவசியம் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கெல்லாம் நடக்கிற வேலையை ஒரு இன்ஜினீயர் மொழியில் சொல்ல முயற்சி பண்ணுகிறேன். தாவரவியல் படித்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு தோப்பில் ஒரு மரம் மற்றதை விடப் பருமனாக இருக்கிறது. அது ஜாதியா, இடமா? அது நிற்கிற இடத்தில் எருக்குழி இருந்திருக்கலாம், பக்கத்து மரம் செத்து வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். நமக்குத் தெரிந்த பாஷையில், சிக்னலா, நாய்ஸா? கண்ணால் பார்த்தால் தெரியாது. அதனால் அந்த மரத்தையும் இன்னும் பல மரங்களையும் பெருக்கி, பல இடங்களில், திரும்பத் திரும்ப, குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கி நடுகிறார்கள். இடம் மாறினாலும் எது முன்னால் நிற்கிறதோ அதில்தான் சிக்னல் இருக்கிறது.

பார்த்த வித்தியாசத்தில் எத்தனை பங்கு அடுத்த தலைமுறைக்கு இறங்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு, மரபுப் பேறு என்பார்கள். ஒரு கணக்குக்கு, தோப்பின் சராசரிச் சுற்றளவு 20 செ.மீ., நாம் பொறுக்கிய மரங்களின் சராசரி 30, மரபுப் பேறு 0.2 என்று வைத்துக் கொள்வோம். பத்து செ.மீ. வித்தியாசத்தில் இரண்டு செ.மீ.தான் விதை வழியாகப் பிள்ளைகளுக்கு வரும். மிச்சம் எட்டு, மண்ணோடும் அதிர்ஷ்டத்தோடும் போச்சு. இதைக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு செ.மீ. இலவசம், உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அதற்கடுத்த தலைமுறையிலும் மேலே கூட்டலாம்.

விதை வழியில் அப்பா பாதி, அம்மா பாதி. நல்ல சேர்க்கை ஒன்று அமைந்தால் அடுத்த விதையில் அது கலைந்து போகும். குச்சியில் கலையாது. அதனால்தான் குளோனுக்கு இத்தனை மவுசு. ஆனால் குளோன் நகல் எடுக்கும், அவ்வளவே. மேம்படுத்தாது. ஜெராக்ஸ் மெஷினில் எத்தனை முறை போட்டாலும் கதை நன்றாகி விடாது, புதுக் கதை யாராவது எழுத வேண்டும். எழுதுவது என்றால் மகரந்தம், விதை, பல நூறு நாற்று, பல வருஷச் சோதனை.

சவுக்கில் அது நடந்தது. நம் நாட்டுச் சவுக்கின் மரபு அடிப்படை குறுகியது. கொஞ்ச விதையிலிருந்து தொடங்கி, அதிலேயே திரும்பத் திரும்ப விதை எடுத்து வந்தது. 1990-களில் கோவை நிறுவனம் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வுடன் சேர்ந்து பல நாடுகளிலிருந்து சவுக்கு விதையை வரவழைத்து நட்டுப் பார்த்தது. இந்தோனேசியாவின் அசல் ஜுங்குனியானாவும் அப்போது விதையாகவே வந்தது, ஆணும் பெண்ணும் சேர்ந்து. நம் சவுக்கைத் தாயாகவும் ஜுங்குனியானாவைத் தகப்பனாகவும் வைத்து, பூவுக்குப் பை கட்டிக் கலப்பினம் செய்து, அதில் தேறியவற்றைத்தான் பிறகு குச்சியில் பெருக்கினார்கள். சி.எச்.1, சி.எச்.5 என்று விவசாயிகள் இன்று கேட்டு வாங்குவது அந்த வழியில் வந்தவை. தோல் கொப்புளம் வந்து மரம் பட்டுப்போகிற நோய் ஒன்று சவுக்கில் உண்டு. அதையும் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. இன்னொரு விஷயம், சவுக்கு வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சுப் போட்டுக் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. வெறும் கடல் மணலில் சவுக்கு வளர்கிற ரகசியம் அதுதான். நாற்றங்காலில் சுத்தமான ஊடகத்தில் வளர்த்து விட்டு இந்த முடிச்சை மறந்தால் வயலில் போய் மஞ்சளாக நிற்கும்.

எல்லா மரமும் இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்காது. வயதான மரத்திலிருந்து எடுத்த குச்சி வேர் விடுவது அபூர்வம். எந்த மரம் நல்ல மரம் என்று தெரிவதற்குள் அதற்கு வயதாகி விடுகிறது, வயதானதும் நகல் எடுக்க முடிவதில்லை. கொஞ்சம் நம் வாழ்க்கை மாதிரிதான். தைல மரத்தில் இதற்கு வழி, மரத்தை அடியோடு வெட்டி விடுவது. அடிக்கட்டையிலிருந்து வருகிற துளிர் இளசு, அது வேர் பிடிக்கும். வெட்டினால் துளிர்க்காத மரத்தில் ஒட்டுக் கட்ட வேண்டும். சந்தனம் இன்னொரு ரகம். அது பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைச் சொருகி உறிஞ்சும். அதனால் தொட்டியிலேயே துணைச் செடி வைக்க வேண்டும், வயலில் நட்டாலும் துவரை மாதிரி ஏதாவது பக்கத்தில் வேண்டும். சோப்பு, பேஸ்ட், செருப்பு எதுவும் சொந்தமாக வைத்துக் கொள்ளாத என் ரூம்மேட்டுக்கு அந்தக் காலத்தில் இந்தப் பெயர் வைக்கத் தெரியாமல் போச்சு.

தைல மரத்தில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் நின்று சொல்கிறேன், தோப்பு போட எண்ணமிருப்பவர்கள் காது கொடுங்கள். 2001 வாக்கில் தென்னிந்தியாவில் ஒரு குளவி தென்பட்டது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 2004-ல்தான் அதற்கு லெப்டோசைபி இன்வேசா என்று பெயரே வைத்தார்கள். இளந்தளிரின் நடுநரம்பிலும் காம்பிலும் முட்டையிடும், அந்த இடம் கொப்புளமாக வீங்கும், கன்று வளராமல் சுருண்டு விடும். சில வருஷங்களில் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதில் கவனிக்க வேண்டியது, சில குளோன்களை அது பாடாய்ப் படுத்தியது, சிலவற்றைத் தொடவே இல்லை. பக்கத்து வயல், ஒரே மண், ஒரே மழை. ஒரே குளோனைப் பத்து ஏக்கருக்குப் போட்டவருக்குப் பத்து ஏக்கரும் போனது, அல்லது பத்து ஏக்கரும் தப்பியது. அந்தக் குளவியைத் தின்கிற ஒட்டுண்ணிக் குளவி வந்தது, கட்டுக்குள் வந்தது, எல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு எந்தக் குளோன் தாங்கும் என்று பட்டியல் போட முடிந்ததற்குக் காரணம், வெற்றி பெறாத, யாரும் வாங்காத பழைய மரங்களையும் ஆராய்ச்சி நிலையங்கள் வெட்டி எறியாமல் வைத்திருந்ததுதான்.

விற்கிற சரக்கு குறுகலாக இருக்கலாம். கிடங்கு அகலமாக இருக்க வேண்டும். நாம் உதிரி பாகம் வைத்திருப்பதில்லையா, பத்து வருஷம் தூசி பிடித்துக் கிடக்கும், ஒரு நாள் பிளாண்டையே காப்பாற்றும். அக்கவுண்ட்ஸ்காரர் மட்டும் வருஷா வருஷம் ஏன் என்று கேட்பார். மரத்திலும் கேட்கிறார்கள்.

சரி, விதையை எடுத்து ஃபிரீசரில் வைத்து விட்டால் போகிறது என்று நினைப்போம். நெல்லுக்கு முடியும், சவுக்குக்கும் முடியும். நன்றாக உலர்த்தி மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். நார்வேக்கு மேலே ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த விதைக் கிடங்கு அந்த வெப்பநிலையில்தான் இருக்கிறது. ஆனால் பலா, மா, இலுப்பை, நாவல், மேற்குத் தொடர்ச்சி மலையின் குங்கில மரங்கள், இவற்றின் விதை உலர்த்தினால் செத்துப் போகும். குளிரில் வைத்தாலும் செத்துப் போகும். விழுந்த ஈரத்தோடு சில வாரங்களில் மண்ணுக்குப் போய்விட வேண்டும். வேப்பங்கொட்டை கூட ரொம்ப நாள் தாங்காது. இந்த மரங்களை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் மரமாகத்தான் வைத்திருக்க வேண்டும், காட்டிலோ, தோட்டத்திலோ, யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையிலோ.

எங்கள் ஆயா வீட்டுக் கொல்லையில் ஒரு பலா இருந்தது. பண்ருட்டிப் பலாவைப் பற்றி நான் பெருமை பேசினால் நம்ப மாட்டீர்கள், ஆகவே பேசவில்லை. சுளை சிறுசு, காயம் பட்டால் பால் குறைவு, ஆடி மாசம் வரைக்கும் காய்க்கும். சுற்று வட்டாரத்தில் அந்த மாதிரி வேறு கிடையாது என்று ஆயா சொல்லும். தானே புயலில் அது வேரோடு சாய்ந்தது, ஆனால் ஒரு பக்கத்து வேர் மண்ணிலேயே இருந்தது. இலை ஒரு வாரம் பச்சையாக இருந்தது. ஆயா என்னைக் கூப்பிட்டு, "டேய், யாருகிட்டயாவது சொல்லி இதுல ஒட்டுக் கட்டுடா" என்றது. "விசாரிக்கிறேன் ஆயா" என்று சொல்லி விட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன். புது வேலை, லீவு கிடையாது. விசாரித்தேன், உண்மையிலேயே விசாரித்தேன், மூன்று வாரம் கழித்து. ஒட்டுக் கட்டுகிறவர் ஃபோனில் கேட்ட முதல் கேள்வி, "குச்சி பச்சையா இருக்கா?" அப்பாவுக்குப் போன் போட்டேன். மரத்தை ஆசாரிக்கு விற்று நாலு நாள் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பணம் தேவையாக இருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஒட்டுக்குச்சியை ஈரத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் சில நாள் தாங்கும் என்பது கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆயா 2014-ல் காலமாகி விட்டது. அந்த மரத்தைப் பற்றி அதற்கப்புறம் அது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அப்பா மறுபடியும் சவுக்குதான் போட்டிருக்கிறார். இந்தத் தடவை நாலு குளோன், வரிசை மாற்றி அல்ல, கட்டம் கட்டமாக, ஓரத்தில் இரண்டு வரிசை விதைச் சவுக்கு. கலந்து நட்டால் வேகமாக வளர்கிறது மெதுவாக வளர்வதை அமுக்கி விடும் என்பதால் கட்டம். குச்சி வாங்கும்போது எந்தக் குளோன் என்று ரசீதில் எழுதி வாங்குகிறோம். முன்பு ஒரு தடவை ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுத்து விட்டார்கள். பல்லை எண்ணித்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு எனக்குப் "பல் டாக்டர்" என்று பேர்.

கடைசியாக, நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கான காரணத்தைச் சொல்லி விடுகிறேன். காலையில் பழைய ஹாஸ்டல் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற நாவல் மரத்தில் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கிறது. புது பிளாக் வருகிறது, அது வெட்டப்படும் மரங்களில் ஒன்று. கட்டிடம் வேண்டியதுதான், இடம் வேறு இல்லை என்று முதல்வர் காட்டினார், நானும் பார்த்தேன், நியாயம்தான். மரத்தை நிறுத்தச் சொல்லி நான் பேச வரவில்லை. ஆனால் அந்த மரத்தின் பழத்தைத் தின்று வெள்ளைச் சட்டையைக் கெடுத்துக் கொள்ளாதவர்கள் இந்த ஹாலில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

வேலை ஆகஸ்டில் ஆரம்பம் என்றார்கள். நாவல் ஜூன், ஜூலையில் பழுக்கும். விதையைச் சேமிக்க முடியாது என்று சொன்னேன், அதனால் பழம் விழுந்த அன்றே கழுவி நிழலில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் பையில் ஊன்றி விட வேண்டும். நாவலில் ஒரு அனுகூலம் உண்டு. ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று நாற்று வரும், அதில் சிலது மகரந்தச் சேர்க்கை இல்லாமல் தாய்த் திசுவிலிருந்தே வருவது, தாயின் அச்சு. ஆனால் எது அச்சு, எது கலப்பு என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அதை மட்டும் நம்பாமல் ஒட்டும் கட்ட வேண்டும். அதற்கு வேர்ச்செடி இப்போதே தயாராக இருக்க வேண்டும். நான் 40 நாவல் நாற்று ஒரு வருஷ வயதில் வாங்கி ஊரில் வைத்திருக்கிறேன், இந்த மாதம் இங்கே கொண்டு வந்து இறக்கி விடுகிறேன். ஒட்டுக் கட்டுகிறவர் ஒருவரிடம் பேசியாகி விட்டது. நாற்பதில் பாதி பிடித்தால் பெரிய விஷயம்.

மாணவர் தரப்பில் ஐந்து பேர் வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களாக இருக்கக் கூடாது, அல்லது சொல்லி விட்டுப் போகிறவர்களாக இருக்க வேண்டும். முன்னாள் மாணவர்களில் நிலம் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கன்று எடுத்துக் கொள்ளலாம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நட வேண்டாம். ஏன் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவு மேசைக்குப் பக்கத்தில் என்னைப் பாருங்கள். ஒரு நீள ஏணியும் வேண்டும். நம்ம காலத்து ஏணி இன்னும் மெக்கானிக்கல் ஷெட்டில் கிடக்கிறது, மூன்றாவது படி மட்டும் உடைந்திருக்கிறது.